‘அவ குணமே அப்படித்தான்’

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரட்டு முடிந்து, மலையும் முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருக்கிறவர்கள் பாதிப் பேர். அதனால் நீட்ட மாட்டோம் என்று சொல்லித் தொடங்குகிறோம். போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னோம், பிறகு ஒன்றரை மணித்தியாலம் பேசினோம் என்று பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சரி.

இன்று பேச வேண்டிய விஷயம் ஒழுங்கு விசாரணை. விசாரணைக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கடந்த மாதம் ஒரு தோட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் குணம்.

நடந்தது இதுதான். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்த ஒரு தாய். காலையில் மலையில் நிரை பிடித்து நிற்கிறார். மூத்த பையன் ஓடி வருகிறான். பிள்ளை மடுவத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்துவிட்டது என்று சொல்கிறான். நேரம் ஒன்பது நாற்பது. அந்தத் தாய் கங்காணியிடம் போய்க் கேட்கிறார். “ஐயா வரட்டும், நான் போகச் சொல்ல முடியாது” என்கிறார் கங்காணி. ஐயா அன்று அடுத்த டிவிசனில். போனுக்கும் கிடைக்கவில்லை. நாற்பது நிமிடம் நிற்கிறார். பத்து இருபதுக்குக் கூடையை நிரையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். பிள்ளையை முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். பிள்ளை இப்போது சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் நீங்கள் வேறு எதையும் கேட்கமாட்டீர்கள்.

அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் ஐயா கேட்டார்: “யாரக் கேட்டு எறங்கிப் போன?” அந்தத் தாய் சொன்னார்: “ஒங்க வீட்டுப் புள்ளைக்கு வலிப்பு வந்தா யாரக் கேட்டுப் போவாங்க?”

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது. குற்றம் இரண்டு. அனுமதியில்லாமல் வேலைத்தலத்தை விட்டுப் போனது ஒன்று. மேலதிகாரியை மரியாதை இல்லாமல் எதிர்த்துப் பேசியது மற்றது. விசாரணை முடியும்வரை வேலை இடைநிறுத்தம்.

விசாரணை அன்று எங்களைப் பார்வையாளராகத்தான் உட்கார விட்டார்கள். கங்காணி வந்து, அவர் தன்னிடம் கேட்கவே இல்லை என்று சொன்னார். அதன் பிறகு நிர்வாகத்தின் பக்கம் பேசியவர் ஒன்பது நாற்பதைப் பற்றியோ பத்து இருபதைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. ஒரு பைலைத் திறந்தார். பத்தொன்பது வருடத்தில் இந்தத் தாய்க்குக் கொடுத்த ஆறு எச்சரிக்கைக் கடிதம். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, “பாருங்க, இது ஒரு நாள் விஷயமில்ல. இவங்க குணமே இப்படித்தான்” என்றார்.

அது நிர்வாகத்தின் பேச்சு, எதிர்பார்த்ததுதான். எங்களுக்கு வலித்தது திரும்பி வரும்போது. பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவர், பல வருடம் கமிட்டியில் இருக்கிறவர், மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அவ குணமும் அப்படித்தானே.” நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை அதை மறுத்து யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இன்று பேசுகிறோம்.

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். விதியை மீறுவதற்கும் ஒருவருடைய குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஒரே நிரையில் நிற்கிற பத்துப் பேரை உங்களுக்குத் தெரியும். ஒருவர் கங்காணி இல்லாவிட்டாலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத்தான் எடுப்பார். இன்னொருவர் கங்காணியின் தலை மறைந்தால் கம்பளியை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒருவரை எவ்வளவு ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு போவார். இன்னொருவர் “ஏன்?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். ஒரே அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகளில்கூட இது இருக்கிறது. வகுப்பறையில் நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

உளவியல் படித்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதரின் குணத்தை அவர்கள் ஐந்து பெரிய பக்கங்களாகப் பிரிக்கிறார்கள். பொறுப்புணர்வு, மற்றவர்களோடு இணங்கிப் போவது, மனம் பதறாமல் இருப்பது, கலகலப்பு, புதியதை விரும்புவது. இதில் முதல் மூன்றுக்கும் வேலைத்தல ஒழுங்குக்கும் தொடர்பு இருக்கிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2007-இல் ஒரு முடிவை எழுதினார்கள். பொறுப்புணர்வு கூடியவர்கள் வேலைக்கும் உடைமைக்கும் எதிரான மீறலைக் குறைவாகச் செய்கிறார்கள். இணங்கிப் போகிற குணம் கூடியவர்கள் மற்ற ஆட்களோடு மோதுவது குறைவு. இது எங்கள் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம்தான், இவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆட்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது, அவ்வளவுதான். எங்கள் மேற்குப் பக்கத் தோட்டங்களில் ஆனி, ஆடியில் மழை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து, போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மழை பெய்தது என்று ஒருவர் சத்தியம் பண்ண முடியுமா? கணக்கப்பிள்ளை செக்ரோலில் எழுத முடியுமா? அன்று மலையில் நின்ற ஆளைத்தானே கேட்க வேண்டும். விசாரணை என்பது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியது. ஆடி மாதத்தைப் பற்றியது அல்ல.

இன்னொன்று. மற்றவர் தவறு செய்தால் “அவன் குணம்” என்கிறோம், நாங்கள் அதே தவறைச் செய்தால் “அன்றைக்கு நிலைமை அப்படி” என்கிறோம். துரை லேட்டாக வந்தால் றோட்டு மோசம். தொழிலாளி லேட்டாக வந்தால் சோம்பேறி. பிறருடைய செயலுக்கு நிலைமையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாகப் பிடிக்கிற இந்தப் பழக்கத்துக்கு லீ ரொஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-இல் ஒரு பெயரே வைத்தார். அடிப்படைப் பிழை என்று பொருள்படும் பெயர். துரைமார் மட்டும் செய்கிற பிழை இல்லை இது. நாங்கள் செய்த கதை ஒன்றைச் சொல்கிறோம்.

எங்கள் பாடசாலையில் தரம் 8-இல் ஒரு பையன். கிழமையில் மூன்று நாள் லேட். கேட்டால் பதில் சொல்லமாட்டான், முறைத்துக்கொண்டு நிற்பான். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் ‘அடங்காதவன்’ என்று எழுதினோம். ஒரு நாள் அவன் லயத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவர்கள் பக்கத்துப் பீலி உடைந்து கிடக்கிறது. காலையில் கீழ் லயத்துப் பீலிக்குப் போய் இரண்டு கேன் தண்ணீர் சுமந்து, வாத நோயில் கிடக்கிற பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். அம்மா கொழும்பில் வீட்டு வேலை. இதைக் கேட்டதும் அவன் ஒரு தங்கக்கட்டி என்று நாங்கள் எழுதினால் அதுவும் பொய். அவன் பிடிவாதக்காரன்தான், முறைப்பவன்தான். இரண்டும் உண்மை. ஆனால் அவன் லேட்டாக வந்தது பிடிவாதத்தால் அல்ல, பீலியால். அந்த அறிக்கையை நாங்கள் மாற்றி எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த தவணை வரும்போது அவன் பாடசாலையை விட்டுவிட்டான்.

சரி, மலைக்கு வருவோம்.

மருந்தடிக்கிற ஆட்களைப் பாருங்கள். முகமூடி போடவேண்டும், கையுறை போடவேண்டும் என்பது விதி. எத்தனை பேர் போடுகிறார்கள்? முதுகில் கேனைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறும்போது, நனைந்த முகமூடிக்குள்ளே மூச்சு வாங்க முடியாது. கிழிந்த கையுறைக்குப் பதில் புதிது கேட்டால் ஸ்டோரில் இல்லை என்பார்கள். ஆகவே எல்லாரும் மீறுகிறார்கள். பொறுப்பானவரும் மீறுகிறார், பொறுப்பில்லாதவரும் மீறுகிறார். ஒரு விதியை ஒருவர் மீறினால் அந்த ஆளைப் பாருங்கள். எல்லாரும் மீறினால் விதியையும், கொடுத்த சாமானையும் பாருங்கள். இந்த மீறலைக் கங்காணி வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். யாராவது மயங்கி விழுந்த பிறகுதான் ‘விதியை மீறினார்’ என்று எழுதுவார்கள்.

கொழுந்தும் அப்படியே. 2021-இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். செடியில் கொழுந்து இல்லாத மாதத்திலும் கிலோ அதே கிலோ. அதை எடுக்காவிட்டால் அரைப் பேர். இந்த நிலையில் கூடைக்குள்ளே முற்றல் இலை வந்துவிடுகிறது. முற்றல் இலை எடுப்பது பிழைதான், செடிக்கும் கேடு, தேயிலைக்கும் கேடு, எங்கள் பிழைப்புக்கும் கேடு. ஆனால் முன்னே பத்து வருடம் சுத்தமாக எடுத்த ஒரு அக்கா இந்த இரண்டு மூன்று வருடமாகத்தான் முற்றல் எடுக்கிறார் என்றால், அவருடைய குணம் ஐம்பது வயதில் கெட்டுப்போனதா?

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் எழுதியது. ஒரே கம்பனிக்கு மூன்று தொழிற்சாலை. வியாபாரம் குறைந்ததால் இரண்டு தொழிற்சாலையில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 15 வெட்டினார்கள். மூன்றாவதில் வெட்டவில்லை. வெட்டிய இரண்டில் ஒன்றில் கம்பனியின் தலைவரே வந்து, ஒன்றரை மணித்தியாலம் இருந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். மற்றதில் கால் மணித்தியாலத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து வாரமும் களஞ்சியத்தில் எவ்வளவு பொருள் காணாமல் போகிறது என்று பார்த்தார்கள். சம்பளம் வெட்டாத இடத்தில் களவு கூடவில்லை. வெட்டிய இரண்டு இடத்திலும் கூடியது. ஆனால் மதித்து விளக்கம் சொன்ன இடத்தில் கொஞ்சம், சொல்லாத இடத்தில் அதிகம். சம்பளத்தைத் திரும்பக் கொடுத்ததும் களவு பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வேலையாட்கள் அதே ஆட்கள். பத்து வாரத்தில் அவர்களுக்குக் குணம் மாறி, பதினோராவது வாரத்தில் திரும்பி வந்ததா? மாறியது சம்பளம். மாறியது அவர்களோடு பேசிய விதம்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் சம்பளம் குறைந்தால் தேயிலைத் தூளைச் சுருட்டலாம் என்று ஒருவரும் வெளியே போகவேண்டாம். களவு களவுதான். சங்கம் அதற்குக் குடை பிடிக்காது. குடித்துவிட்டு வந்து கவ்வாத்துக் கத்தியை ஓங்குகிறவனுக்கும், மலையில் வயதுப் பிள்ளைகளிடம் கேவலமாகப் பேசுகிறவனுக்கும் “நிலைமை அப்படி” என்று நாங்கள் வந்து பேசமாட்டோம். அதே நிலைமையில் மற்ற நாற்பது ஆம்பிளைகள் ஒழுங்காகத்தானே இருக்கிறார்கள்? அங்கே ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிழை இன்னொன்றையும் இங்கே வைக்கிறோம், ஏனென்றால் கேட்கவேண்டியவர்கள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சில வருடத்துக்கு முன் கொழுந்து மடுவத்தில் நிறுக்கிற ஒருவர்மேல் நாலைந்து பெண்கள் முறைப்பாடு சொன்னார்கள். தண்ணிக்கு என்றும் சாக்குக்கு என்றும் கழிக்கிறதுக்கு மேலே இன்னும் கழிக்கிறார், கழித்ததை வேண்டிய ஆட்களின் பெயரில் போடுகிறார் என்று. அவர் எங்கள் சங்கத்து ஆள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் நிற்பவர். செத்த வீட்டுக்கு முதலில் வருபவர். “அவரா? குணத்துல தங்கமாச்சே” என்று நாங்களே அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பினோம். தராசைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கவில்லை. குணத்தைப் பார்த்தோம். எட்டு மாதம் கழித்துப் புத்தகத்தைப் பார்த்தபோது பெண்கள் சொன்னது சரியாக இருந்தது. கெட்ட குணம் என்று சொல்லி ஒருவரைத் தண்டிப்பதும், நல்ல குணம் என்று சொல்லி ஒருவரைத் தப்பவிடுவதும் ஒரே கோணல் தராசில் நிறுப்பதுதான். அந்தப் பெண்களில் இரண்டு பேர் இன்றுவரை சந்தா கட்டவில்லை. கேட்கவும் எங்களுக்கு முகமில்லை.

இப்போது அந்த ஆறு கடிதத்துக்கு வருவோம். விசாரணைக்குப் பிறகு அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கி, இரவு உட்கார்ந்து வாசித்தோம். ஒன்று லேட்டாக வந்ததற்கு. ஒன்று முற்றல் இலைக்கு. ஒன்று, சக தொழிலாளி ஒருவரின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கூடையை எறிந்ததற்கு. அது பிழைதான், அவரே ஒப்புக்கொள்கிறார், அந்த அக்காவிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். மற்ற மூன்றையும் கேளுங்கள். நிறுக்கும்போது கழிவு கூட என்று பத்துப் பேர் சார்பில் வாதாடியது. குளவிக்கூடு இருந்த மலையில் ஏற முடியாது என்று நிரையையே நிறுத்தியது. மாதம் நிறைந்திருந்த ஒரு தங்கச்சியின் சாக்கைத் தானே தூக்கி, தன் நிரையை விட்டு மடுவத்துக்குக் கொண்டுபோனது. மூன்றும் ‘கட்டளைக்குக் கீழ்ப்படியாமை’.

வேலையைச் சரியாகச் செய்வதற்காகவோ, கூட வேலை செய்கிறவருக்கு உதவுவதற்காகவோ, வாடிக்கையாளருக்கு நல்லது செய்வதற்காகவோ விதியை மீறுகிறவர்கள் எல்லா வேலைத்தலத்திலும் இருக்கிறார்கள். எலிசபெத் மொரிசன் என்ற ஆய்வாளர் 2006-இல் இதைத் தனியான ஒரு வகையாக எடுத்து எழுதினார். துணிந்து இறங்குகிற குணம் உள்ளவர்களிடம் இது கூட இருக்கும் என்றும் பார்த்தார். இப்போது சொல்லுங்கள், இந்தத் தாய்க்கு ஒரு குணம் இருக்கிறதா? இருக்கிறது. எதிர்த்துக் கேட்கிற குணம். குளவி மலையில் அந்தக் குணத்தால்தான் அன்று பதினெட்டுப் பேர் கொட்டு வாங்காமல் இறங்கினார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அன்று நன்மை வாங்கிக்கொண்டோம். இன்று “அவ குணமும் அப்படித்தானே” என்கிறோம்.

எதிர்த்துப் பேசுவது ஏன் எங்கள் தோட்டங்களில் மட்டும் இவ்வளவு பெரிய குற்றம் என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது சும்மா வந்ததில்லை. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வேலையாள் கீழ்ப்படியாவிட்டால், மரியாதைக் குறைவாக நடந்தால், குடித்தால், வேலையை விட்டுப் போனால் நீதவான் முன் நிறுத்திச் சிறையில் போடலாம்.  அதோடு துண்டு முறை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, அவருடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். 1921-இல்தான் துண்டை ஒழித்தார்கள். அன்று துண்டில் கடன் இருந்தது. இன்று பைலில் குணம் இருக்கிறது. ஆள் எங்கே போனாலும் முன்னால் போய் நிற்கிறது.

இனி வேலைக்கு உதவுகிற விஷயம். கமிட்டித் தலைவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த அன்றே கொண்டுவாருங்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்று சாமித்தட்டுக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள், விளங்காததில் கையொப்பம் வைக்காதீர்கள். அந்தப் பழைய ஆறு கடிதத்திலும் ஒன்றுக்குக்கூடப் பதில் எழுதப்படவில்லை. வாங்கினார், கையொப்பம் வைத்தார், போனார். பதில் எழுதாத கடிதம் பத்து வருடம் கழித்து ஒப்புக்கொண்ட குற்றமாக மேசைக்கு வருகிறது. ஆகவே சின்ன எச்சரிக்கைக் கடிதமானாலும் பதில் எழுதவேண்டும், பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கவேண்டும். எழுதத் தெரியாது என்றால் ஓ.எல். படிக்கிற பிள்ளை லயத்துக்கு ஒன்று இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

பதிலில் “நான் நல்லவள், பத்தொன்பது வருடம் உழைத்தேன்” என்று மட்டும் எழுதினால் நாங்களும் குணத்தைத்தான் பேசுகிறோம். நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, யார் கொண்டுவந்தார், யாரிடம் கேட்டீர்கள், பக்கத்து நிரையில் யார் நின்றார், ஆஸ்பத்திரித் துண்டில் என்ன நேரம் போட்டிருக்கிறது. பிறகு விதியைக் கேளுங்கள். அவசரத்துக்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, யாருக்குச் சொல்லப்பட்டது? அதிகாரி இல்லாத நேரத்தில் யார் அனுமதி கொடுப்பது? இதே மாதிரி முன்பு இறங்கிப் போனவர்களுக்கு என்ன நடந்தது? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆண் தொழிலாளி இப்படியே இறங்கிப் போனார், அவருக்கு வாய்மொழி எச்சரிக்கையோடு முடிந்தது. அதை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வேலையை நிறுத்திவிட்டால்? ஒழுங்கு நடவடிக்கையாக நிறுத்தினால், நிறுத்திய நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். ஆறு மாதம் என்பது நீண்ட காலம் மாதிரித் தெரியும். துரை மனம் மாறுவார், தலைவர் பேசிப் பார்ப்பார், திருவிழா முடியட்டும் என்று இருந்து தவணை தப்பியவர்களை எங்களுக்குத் தெரியும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும்.

அடுத்து, பயமுறுத்தல். “வேலை போனா சேமலாபமும் கெடையாது, சேவைக்காலக் காசும் கெடையாது” என்று மலையில் ஒரு பேச்சு நடக்கிறது. சேமலாப நிதி உங்கள் காசு, அதை யாரும் பிடிக்க முடியாது. பணிக்கொடை, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இந்தத் தாய்க்குப் பத்தொன்பது வருடத்துக்கு 266 நாள் சம்பளம். மோசடி, காசு கையாடல், தோட்டத்துச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம், பொருள் நட்டம் என்ற மாதிரிக் காரணத்துக்காக வேலை போனால், அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதில் பிடிக்கலாம். பிள்ளையைப் பார்க்க ஓடியதற்கும், எதிர்த்துப் பேசியதற்கும் பிடிக்க வழியில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம். இதைப் பிரட்டுக்களத்தில் சத்தமாகச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். எங்கள் ஆட்கள் ஆபீசுக்குப் பேசப் போகிறபோது, பேச்சு இலகுவாகட்டும் என்று “அவ கொஞ்சம் வாய்க்காரிதான் ஐயா, இந்த ஒருக்கா மன்னிச்சிருங்க” என்று தொடங்குகிற பழக்கம் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். விசாரணை அறிக்கையில் அது ‘தொழிற்சங்கப் பிரதிநிதியும் ஒப்புக்கொண்டார்’ என்று வந்து விழுகிறது. இந்தத் தாயின் பைலில் அப்படி ஒரு வரி இருக்கிறது. யார் சொன்னது என்று இங்கே கேட்கப் போவதில்லை.

அந்தத் தாய் இன்று கூட்டத்துக்கு வரவில்லை. இடைநிறுத்தத்தில் சம்பளம் இல்லாததால் பக்கத்துச் சிறுதோட்டம் ஒன்றில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார். விசாரணையின் அடுத்த தவணை வருகிற புதன்கிழமை. கங்காணி “என்னிடம் கேட்கவே இல்லை” என்று சொன்னதோடு அன்றைய விசாரணை நின்றிருக்கிறது. அவர் கேட்டபோது பக்கத்து நிரையில் மூன்று பேர் நின்றீர்கள். ஒருவர் கூடையைக்கூடப் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டோம். நாளைக்கு உங்களுக்கும் ஒரு பைல் திறப்பார்களோ என்று பயப்படுகிறீர்கள், அதுவும் தெரியும். அந்தப் பயம் சும்மா வந்த பயம் இல்லை, ஆகவே தனியாக வரச்சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நாங்கள் கோயில் மண்டபத்தில் இருப்போம். ஒன்பது நாற்பதுக்கும் பத்து இருபதுக்கும் இடையில் என்ன கேட்டது, என்ன பார்த்தது, அதை மட்டும் எழுதினால் போதும். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரியும் எழுதவேண்டாம்.